பெயரில்லாத கைகள்: ஜப்பானியத் தேநீர்க் கிண்ணமும் நமது பீங்கானும்

கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்த சகவாழ்வுக் கூட்டமொன்றுக்குப் போயிருந்தேன். நான்கு மதத்துப் பெரியவர்களும் மேடையில் இருந்தார்கள். பேச வந்த ஒருவர் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு கிண்ணம், அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகத் தங்கக் கோடுகள். ஜப்பானியர் உடைந்த கிண்ணத்தை வீசுவதில்லை, தங்கத்தால் ஒட்டுகிறார்கள், உடைந்த இடமே பிறகு அழகாகிவிடுகிறது, 2019 ஏப்ரலுக்குப் பிறகு நம் ஊரும் அப்படித்தான் ஆகவேண்டும் என்றார். நல்ல கைதட்டல். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் செட்டியார் தெருவில் முப்பது வருடம் கடை வைத்திருந்த ஒரு நானா. அவர் கைதட்டவில்லை. என் காதுப் பக்கம் குனிந்து, "மாஸ்டர், வெடிச்ச கோப்பயில ஊட்டுக்கு வந்த மனிசருக்குத் தேத்தண்ணி குடுக்கேலுமா? அத ஒட்டத் தங்கம் வாங்க யாருட்ட சல்லி ஈக்கி?" என்றார்.

அந்த இடத்தில் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்தக் கிண்ணங்களைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கியது அப்படித்தான். முதலில் ஒக்காகுரா கக்குஸோ 1906 இல் ஆங்கிலத்திலேயே எழுதிய தேநீர் பற்றிய சிறு நூல். அடுத்து யனகி சோயெட்சுவின் கட்டுரைகள். இவற்றை அவருடைய நண்பரான ஆங்கிலேயக் குயவர் பேர்னாட் லீச் ஆங்கிலத்தில் தழுவி, 'அறியப்படாத கைவினைஞன்' என்று பொருள்படும் தலைப்பில் 1972 இல் வெளியிட்டார். மூன்றாவது, தமிழ் படித்தவர்கள் எல்லோரும் பெயரளவிலாவது அறிந்த நொபொரு கராஷிமா, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சீனப் பீங்கான் ஓடுகளைத் தேடி அலைந்த கதையைச் சொல்லும் 2004 ஆம் ஆண்டு நூல். இம்மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்குப் பட்டதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் கிண்ணம். ஜப்பானியர் அதைச் சவான் என்பர். நாம் குடிக்கும் சாயம் வடித்த தேத்தண்ணிக்கான பாத்திரமல்ல அது. பச்சைத் தேயிலையை மாவாக அரைத்து, கிண்ணத்திலேயே போட்டு, வெந்நீர் ஊற்றி, மூங்கிலால் செய்த மத்துப் போன்ற ஒன்றால் அடித்துக் கலக்கிக் கொடுக்கிறார்கள். கைப்பிடி கிடையாது, இரண்டு உள்ளங்கையிலும் ஏந்த வேண்டும். ஆகவே கண்ணுக்கு எப்படி இருக்கிறது என்பதோடு கைக்கு எப்படி இருக்கிறது, உதட்டுக்கு எப்படி இருக்கிறது என்பதும் கணக்கு. குடித்து முடித்த விருந்தாளி அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்பார். மெருகு படாத மண் அங்கேதான் தெரியும், குயவனின் விரல் தடம் அங்கேதான் இருக்கும்.

ஆரம்பத்தில் ஜப்பானியப் பிரபுக்கள் போற்றியது சீனத்துக் கறுப்பு மெருகுக் கிண்ணங்களை. அந்த ருசியைத் திருப்பிவிட்டவர் சென் நோ ரிக்கியூ (1522–1591). அவருக்காகச் சோஜிரோ என்ற ஓடு செய்யும் தொழிலாளி சக்கரம் பிடிக்காமல் கையாலேயே வனைந்து, சூளை செந்தணலாக இருக்கும்போதே குறட்டால் கிண்ணத்தை வெளியே எடுத்து ஆறவிட்டான். இப்படிப் பிறந்ததுதான் ராக்கு. கறுப்பு, சிவப்பு என்று இரண்டே நிறம். பூ இல்லை, கொடி இல்லை. சோஜிரோவின் பரம்பரை இன்று 16 ஆம் தலைமுறையில் அதே கியோத்தோவில் அதே தொழிலைச் செய்கிறது. ரிக்கியூவின் முடிவு வேறு மாதிரி. அவருடைய எசமானும் நாட்டின் அதிபதியுமான ஹிடெயோஷி, பொன் தகடு வேய்ந்த தேநீர் அறை ஒன்றைக் கட்டுவித்து வைத்திருந்தவன். 1591 இல் அவனே ரிக்கியூவைத் தற்கொலை செய்துகொள்ளப் பணித்தான். ஏழ்மையின் அழகைச் சொன்னவர் பொன்னறைக்காரனிடம் சம்பளம் வாங்கினார் என்பதை ஒக்காகுரா போன்றவர்களின் புத்தகத்தைப் படிக்கும்போது ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஒக்காகுராவின் நூல் வாசிக்க இனிமையானது, அதற்கு மேல் அதைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. மேற்கத்தியருக்கு ஆசியாவை விளங்கப்படுத்த எழுதியவர் அவர். நமக்கு ஆசியாவை விளங்கப்படுத்த வேண்டிய அவசியம் இல்லையே.

யனகியை அப்படி ஒதுக்கிவிட முடியாது. அவர் 1931 இல் கியோத்தோவின் தைத்தொக்குஜி விகாரைத் தொகுதியிலுள்ள கொஹோஆனுக்குப் போய்ப் பார்த்த ஒரு கிண்ணத்தைப் பற்றி எழுதியிருப்பதுதான் இந்த முழு விவகாரத்தின் நடு முடிச்சு. கிஸாயெமொன் என்று அந்தக் கிண்ணத்துக்குப் பெயர். 16 ஆம் நூற்றாண்டில் கொரியாவில் செய்யப்பட்டது. வாய் அகலம் சுமார் 15 சென்ரிமீற்றர். மஞ்சள் கலந்த பழுப்பு மெருகு, அதில் மயிரிழை வெடிப்புகள், அடியில் மெருகு சுருண்டு மணிமணியாக நிற்கிறது. இன்று ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்களில் ஒன்று. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி என்று திறந்துகொண்டே போய்க் கடைசியில் அது வெளியே வந்தபோது, இது ஓர் ஏழைக் கொரியன் சோறு தின்ற கோப்பையல்லவா என்றுதான் யனகிக்குத் தோன்றியதாம். அதைச் செய்தவன் அதை அழகு என்று நினைத்துச் செய்யவில்லை, ஒரு நாளைக்கு நூறு கோப்பை செய்பவன் அதையும் செய்தான், அந்த அலட்சியத்தில்தான் அழகு வந்தது என்பது அவர் வாதம்.

கிஸாயெமொன் என்பது அந்தக் குயவன் பெயரென்று நினைத்துவிட வேண்டாம். கிண்ணத்தை வைத்திருந்த ஒசாக்கா வியாபாரி ஒருவரின் பெயர் அது. சொத்தெல்லாம் போய்த் தெருவுக்கு வந்த பிறகும் அவர் கிண்ணத்தை மட்டும் கைவிடவில்லை என்றும், உடம்பெல்லாம் கட்டி வந்து மௌத்தானார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. பிறகு அது மட்சுதைரா ஃபுமாய் என்ற பிரபுவின் கைக்கு மாறி, அவர் குடும்பத்தவரால் விகாரைக்குப் போய்ச் சேர்ந்தது. வைத்திருந்தவர்களின் பெயரெல்லாம் வரிசையாகத் தெரிகிறது. செய்தவன் பெயர் மட்டும் இல்லை.

யனகி இதைக் குறையாகப் பார்க்கவில்லை. அவருக்கு இதுவே சிறப்பு. தான் என்ற எண்ணம் இல்லாதவனிடம் அழகு தானாக வந்து இறங்குகிறது என்கிறார். பிற்காலத்தில் இதைப் பௌத்தத்தின் தூய நிலப் பிரிவின் கொள்கையோடு இணைத்தும் எழுதினார். தன் முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை, மற்றொரு சக்தியின் அருளால்தான் கரை சேரலாம் என்று சொல்லும் பிரிவு அது. நம்மவர்களுக்கு இந்த இடத்தில் உடனே இஃக்லாஸ் ஞாபகம் வரும். வலது கை கொடுப்பதை இடது கை அறியாமல் கொடுப்பது, தொழுகையைப் பிறர் பார்க்க அழகுபடுத்தாமல் இருப்பது எல்லாம் ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. யனகியை முதல் தரம் படித்தபோது பென்சிலால் பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டேன்.

இரண்டாந்தரம் படித்தபோதுதான் கோடு போட்ட இடங்கள் உறுத்தத் தொடங்கின. இஃக்லாஸ் என்பது பெயர் உள்ளவன் தன் பெயரை மறைத்துக்கொள்வது. அது அவனுடைய தெரிவு. கொரியக் குயவன் தன் பெயரை மறைத்தானா? அவனிடம் கேட்டவர் யார்? பெயரை மறைப்பதும் பெயர் இல்லாமல் ஆக்கப்படுவதும் ஒன்றல்ல.

இது வெறும் தர்க்கப் பேச்சில்லை, சரித்திரம் அதைச் சொல்கிறது. ரிக்கியூவைச் சாகச் சொன்ன அதே ஹிடெயோஷி அடுத்த வருடமே கொரியாவின்மேல் படை அனுப்பினான். 1592 முதல் 1598 வரை நடந்த அந்த யுத்தத்தைச் சிலர் மட்பாண்ட யுத்தம் என்றே அழைப்பதுண்டு. திரும்பி வந்த பிரபுக்கள் கொரியக் குயவர்களைக் குடும்பம் குடும்பமாகப் பிடித்துக் கப்பலேற்றிக்கொண்டு வந்தார்கள். தேநீர்க்காரர்கள் ராக்குவுக்கு அடுத்ததாகக் கொண்டாடும் ஹாகி, அப்படி வந்த குயவர்கள் போட்ட சூளையிலிருந்து தொடங்கியது. கரட்சு பெருகியதிலும் அவர்கள் கைதான் பெரும்பங்கு. அரித்தாவில் 1616 அளவில் ஜப்பானின் முதலாவது வெள்ளைப் பீங்கானைச் செய்தவர் என்று மரபு சொல்லும் யி சாம்பியொங் கொரியரே. கிண்ணத்தில் அலட்சியமும் அமைதியும் தெரிகிறது என்று எழுதுகிறவர், அந்தக் கிண்ணத்தின் மேலுள்ள ஆசை மனிதரைக் கடத்துமளவுக்குப் போன கதையையும் அதே மூச்சில் சொல்லியிருக்க வேண்டும்.

யனகிக்கு அநியாயம் செய்யக் கூடாது. 1910 முதல் கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. 1919 மார்ச்சில் எழுந்த சுதந்திர எழுச்சி இரத்தத்தில் முடிந்தபோது கொரியர் பக்கம் நின்று எழுதிய ஜப்பானியர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே, அவர்களில் யனகி ஒருவர். சோல் நகரத்து அரண்மனையின் குவாங்ஹ்வாமுன் வாயிலை இடிக்கப் போகிறார்கள் என்றபோதும் 1922 இல் பகிரங்கமாக எதிர்த்து எழுதினார். 1924 இல் அங்கேயே கொரியக் கைவினைக்கு ஓர் அரும்பொருட்காட்சியகம் திறந்தார். இவ்வளவும் செய்தவர்தான், கொரியக் கலையின் அழகு துயரத்தின் அழகு என்றும் எழுதினார். பின்னால் வந்த கொரிய விமர்சகர்கள் இதற்காக அவரைக் கடுமையாகத் தாக்கினார்கள். ஆளப்படுகிறவனின் முகத்தில் துயரத்தைக் கண்டு ரசிப்பது ஆளுகிறவன் பார்வை என்றார்கள். கிஸாயெமொன் போன்றவை சோற்றுக் கோப்பையே அல்ல, சடங்குக்கு வைத்த கிண்ணங்கள் என்று வாதிடும் கொரியரும் உண்டு. அது சரியானால், அலட்சியமாகச் செய்த ஏழைக் குயவன் என்ற யனகியின் சித்திரம் அடியோடு ஆட்டம் காணும்.

நம் சமூகத்துக்கு இந்த வலி புதிதல்ல. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1888 இல் நமது இனவியலை எழுதி நாம் யார் என்று நமக்கே சொல்லித்தந்ததும், ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907 இல் அதற்கு மறுப்பு எழுதி அச்சிட்டதும் இவ்விதழின் வாசகர்களுக்குத் திரும்பச் சொல்லவேண்டிய விடயங்களல்ல. இராமநாதனின் மைத்துனர் முறையான ஆனந்த குமாரசுவாமியும் (1877 இல் கொழும்பில் பிறந்தவர்) கைவினைஞனின் பெயரின்மையைப் போற்றியவரே. 1908 இல் வெளியான மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூலும், ஒக்காகுரா இருந்த அதே பொஸ்டன் அரும்பொருட்காட்சியகத்தில் 1917 முதல் அவர் செய்த பணியும் யனகியின் உலகத்துக்கு மிகக் கிட்டியவை. மேட்டில் இருந்து பார்க்கிறவருக்குப் பெயரின்மை அழகாகத் தெரிகிறது. நுவரெலியாக் குளிரில் கொழுந்து பறிக்கிற பெண்ணிடம் கேட்டால் வேறு கதை வரும். தேயிலைப் பெட்டியில் தோட்டத்தின் பெயர் இருக்கிறது, உயரம் இருக்கிறது, அவள் பெயர் எங்கே?

இனி நம்முடைய பீங்கானுக்கு வருவோம். இந்தச் சொல்லே ஒரு பயணி. பாரசீகத்தில் பிங்கான் என்றால் கிண்ணம். அது அரபுக்குப் போய் ஃபின்ஜான் ஆயிற்று, இன்றும் அரபு நாட்டில் கஹ்வா குடிக்கும் சிறு கோப்பைக்கு அதுதான் பெயர். தமிழுக்கு வந்து பீங்கான் ஆயிற்று, மலாய்க்குப் போய்ப் பிங்கான் என்றே நின்றது, சிங்களவர் பிங்கான என்கிறார்கள். மருதானையில் ஒரு மலாய் வீட்டிலும், கொச்சிக்கடையில் ஒரு சிங்கள வீட்டிலும், நம் வீட்டிலும் சோறு போடுகிற தட்டுக்கு ஒரே பெயர். தமிழ்நாட்டில் பீங்கான் என்றால் பொருள் அந்த மண்ணைக் குறிக்கும், நமக்கோ அது தட்டையே குறிக்கும். இந்தச் சின்ன வித்தியாசத்தை மாணவர்களுக்குச் சொல்லும்போது வகுப்பே கலகலக்கும்.

சொல் வந்த வழியிலேயே பொருளும் வந்தது. மாந்தையில் 1980களில் ஜோன் காஸ்வெல் குழுவினர் தோண்டியபோது சீன ஓடுகளும், பாரசீக வளைகுடாப் பக்கத்து நீலப்பச்சை மெருகு ஓடுகளும் ஒன்றாகவே வெளிவந்தன. அதற்கு முன்னர் 1977 இல் யாழ்ப்பாணத்து அல்லைப்பிட்டியில் சொங் காலச் சீனப் பாத்திரங்கள் கிடைத்தன. இராமநாதபுரத்துப் பெரியபட்டினத்தில், நம்மவர் காலங்காலமாக வாழ்ந்துவரும் அந்தக் கடற்கரை ஊரில், சீனப் பீங்கான் ஓடுகள் மண்ணுக்குள் கிடப்பதைக் கண்டு எழுதியவர்களில் முக்கியமானவர் கராஷிமா. சோழர் கல்வெட்டில் ஊறியவர், 1995 இல் தஞ்சாவூரில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டின்போது ஆராய்ச்சி மன்றத் தலைவராக இருந்தவர். சீனரின் பழைய குறிப்புகளில் வரும் ஒரு துறைமுகத்தையும் இப்னு பதூதா சொல்லும் ஃபத்தனையும் பெரியபட்டினத்தோடு அவர் பொருத்திப் பார்த்தார். அந்தப் பொருத்தத்துக்கு ஓடுகளே அவருடைய சாட்சி.

கராஷிமாவின் புத்தகத்தில் அழகு பற்றிய பேச்சே இல்லை என்று சொல்லலாம். எந்தச் சூளை, எந்த நூற்றாண்டு, எந்தக் கரை, இவ்வளவுதான். யனகி ஒரு முழுக் கிண்ணத்தை ஐந்தாறு பெட்டிக்குள்ளிருந்து எடுத்து வணங்குகிறார். கராஷிமா செருப்பில் மிதிபடும் ஓட்டைக் குனிந்து எடுத்து, இது லொங்சுவான் பச்சை, 13 அல்லது 14 ஆம் நூற்றாண்டு என்று சொல்லிப் பைக்குள் போடுகிறார். இருவரும் ஜப்பானியர்தான். பெயரில்லாதவனுக்கு அதிக மரியாதை செய்தவர் இரண்டாமவரே என்பது என் அபிப்பிராயம். அவன் யாரென்று கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் அவன் எங்கே இருந்தான், எப்போது இருந்தான், அவன் செய்ததை எந்தக் கப்பல் சுமந்தது என்றாவது கேட்டார் அல்லவா?

நம் பக்கத்துத் துணியும் தேநீர் அறைக்குள் போயிருக்கிறது என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். சோழமண்டலக் கரையில் வர்ணம் தீட்டிய பருத்திச் சீலைகளை ஜப்பானியர் சரசா என்று அழைத்து, கிண்ணத்துக்கும் தேயிலைச் செப்புக்கும் உறை தைத்தார்கள். கோடு போட்ட ஒரு வகைத் துணிக்குச் சந்தோமே என்று பெயர். மயிலாப்பூரை அடுத்த சாந்தோம்தான் அது. ஆக, கிண்ணம் கொரியனது, உறை தமிழனது, பெயர் ஒசாக்கா வியாபாரியினது என்று சொல்லும்படியான பொருட்கள் அங்கே இருந்திருக்கின்றன. இன்றைய காலத்தில் புதுச்சேரியில் றே மீக்கரும் ஜப்பானில் தொழில் கற்ற டெபோரா ஸ்மித்தும் 1971 இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பொட்டரியில், மெருகிட்ட கற்பாண்டம் தமிழ்க் கைகளாலேயே செய்யப்படுகிறது. அங்கே படித்தவர்கள் தனித்தனியாகவும் சூளை போட்டு இன்று தம் பெயரில் விற்கிறார்கள்.

பெயர் போடுவது அகந்தை, பெயர் போடாதது தூய்மை என்று யனகியை வைத்து யாராவது சொன்னால் நமது சொந்தச் சரித்திரத்தைக் காட்டலாம். 9 ஆம் நூற்றாண்டில் பஸ்றாப் பக்கத்துக் குயவர்கள் சீனத்து வெள்ளையைப் பார்த்து ஆசைப்பட்டார்கள். அந்த மண் அவர்களிடம் இல்லை. ஆகவே ஈயத்தோடு வெள்ளீயம் கலந்து மெருகு காய்ச்சித் தங்கள் மண்ணுக்கு வெள்ளை போர்த்தினார்கள். அதன்மேல் நீலத்தால் எழுதியது அவர்களுடைய சொந்த யோசனை, இன்னாரின் வேலை என்று அதிலேயே சிலர் பெயரும் எழுதினார்கள். ஃபாத்திமியர் கால எகிப்தில் முஸ்லிம் இப்னு அத்தஹ்ஹான் என்பவர் பொன்போல் மின்னும் பாத்திரங்களில் கையொப்பமிட்டார். காஷானில் அபூ ஸைத், ஹிஜ்ரி 582 (கி.பி. 1186) முஹர்ரம் மாதம் என்று திகதியே போட்டு வைத்த கிண்ணம் இன்று நியூயோர்க்கில் இருக்கிறது. நிஷாப்பூரில் வெள்ளைக் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றிக் கூஃபி எழுத்தில் கறுப்பாகப் புத்திமதியும் பரகத்தும் எழுதினார்கள், நடுவில் வெறும் வெள்ளையை விட்டார்கள். அடக்கம் என்றால் அந்த வெள்ளையைவிட என்ன அடக்கம் வேண்டும்? பெயர் எழுதியதால் அதன் அழகு குறைந்துவிட்டதா? தங்கம், வெள்ளிப் பாத்திரத்தில் உண்பது நமக்குத் தடை என்பதால்தான் மின்னும் மெருகைக் கண்டுபிடித்தார்கள் என்று பழைய நூல்களில் ஒரு கருத்து உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது ஊகம், மேடையில் சொல்பவர்கள் அதை ஊகமென்றே சொல்ல வேண்டும்.

இப்போது நானாவின் கேள்விக்குத் திரும்புகிறேன். தங்கத்தால் ஒட்டும் கலைக்குக் கின்சுகி என்று பெயர். ஆனால் ஒட்டுவது தங்கமல்ல, உருஷி என்ற ஒரு மரத்துப் பால். அது உலர வெயில் உதவாது, ஈரக் காற்றுள்ள பெட்டியில் நாட்கணக்காக வைக்க வேண்டும். ஒட்டி, காயவைத்து, தேய்த்து, திரும்பப் பூசி, திரும்பத் தேய்த்துக் கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போது மேலே தூவுகிறார்களே, அந்தப் பொடிதான் தங்கம். மாதக்கணக்கில் போகும் வேலை. எல்லாத் துண்டும் கையில் இருந்தால் நல்லது, இல்லாத இடத்தைப் பசையாலும் மாவாலும் நிரப்ப வேண்டும். நமது கூட்டங்களில் துண்டு பொறுக்குகிறவரையும் காணோம், பால் பூசுகிறவரையும் காணோம். நேரே தங்கப் பொடிக்குப் போய்விடுகிறார்கள். உவமை பிழையல்ல, உவமையைப் பாதியில் விட்டுவிட்டதுதான் பிழை.

ஷாஃபிஈ மத்ஹபின்படி இன்னொரு சங்கடமும் இருக்கிறது. உடைந்த பாத்திரத்தைத் தங்கத்தால் பொருத்துவது முற்றாகக் கூடாது என்பது இமாம் நவவியின் முடிவு. வெள்ளியாக இருந்தால், தேவைக்காகச் சிறிதளவு பொருத்தலாம். தூவிய பொடி அந்தக் கணக்கில் வருமா என்பதை ஆலிம்கள் சொல்லட்டும். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது புகாரியில் வரும் அந்தக் கோப்பை. ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்களின் கோப்பை வெடித்தபோது வெடிப்பு வெள்ளியால் பிணைக்கப்பட்டது. பிணைத்தவர் நபியவர்களா, அனஸ் (ரழி) அவர்களா என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுகிறார்கள். பிற்காலத்தில் ஆஸிம் அல்அஹ்வல் அதை அனஸ் (ரழி) அவர்களிடம் பார்த்தார், அதில் குடித்தும் இருக்கிறார். அகலமான, நல்ல மரத்தாலான கோப்பையாம். அதில் ஓர் இரும்பு வளையம் இருந்தது. அதை எடுத்துவிட்டுத் தங்கத்திலோ வெள்ளியிலோ வளையம் போட அனஸ் (ரழி) நினைத்தபோது, அல்லாஹ்வின் தூதர் செய்ததை மாற்ற வேண்டாம் என்று அபூ தல்ஹா (ரழி) தடுத்துவிட்டார்கள். கோப்பை திருத்தப்பட்டது, திருத்தம் மறைக்கப்படவில்லை, ஆனால் அதை அலங்காரமாக்க விடவுமில்லை. அதில் தொடர்ந்து தண்ணீர் குடித்தார்கள்.

எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தோனியார் கோயில் 2019 ஏப்ரல் 21 ஆம் திகதிக்குப் பிறகு சில வாரங்களிலேயே திருத்தித் திறக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமைகளில் முன்போலவே எல்லாச் சாதி மதத்தவரும் வருகிறார்கள். அங்கே மௌத்தானவர்களின் பெயர் பொறித்த கல் இருக்கிறது. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியில் இரத்தம் தெறித்த இயேசு சுரூபத்தைக் கழுவாமல் அப்படியே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். தங்கம் பூசவில்லை. அந்த நாட்களில் நம் பக்கத்தில் நடந்தவை, எரிந்த கடைகளும் பாடசாலை வாசலில் தடுத்து வைக்கப்பட்ட அபாயாக்களும், யாருடைய கல்லிலும் பொறிக்கப்படவில்லை. இரண்டு துக்கமும் ஒரே எடை என்று நான் சொல்லவரவில்லை. துண்டுகளைப் பொறுக்கும்போது எல்லாத் துண்டையும் பொறுக்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான். ஒரு கையால் பொறுக்கவும் முடியாது. மேடையில் இருந்தவருக்கு எழுதி அனுப்பலாமா என்று யோசித்தேன். பிறகு இந்தக் கட்டுரையை எழுதினேன்.

ஜப்பானில் உள்ள இன்னொரு கிண்ணத்தையும் சொல்ல வேண்டும். சீனாவின் லொங்சுவானில் செய்த பச்சைக் கிண்ணம் அது. ஷோகுன் அஷிக்காகா யொஷிமஸாவிடம் இருந்தபோது வெடித்துவிட்டது. இதேபோல் ஒன்று அனுப்புங்கள் என்று சீனாவுக்கு அனுப்பினாராம். இப்படி ஒன்றை இனிச் செய்ய எங்களால் ஆகாது என்று மிங் அரசவை அதையே இரும்புக் கம்பி தைத்துத் திருப்பி அனுப்பியது என்பது பரம்பரையாக வரும் வரலாறு. தைத்த கம்பிகள் பெரிய வெட்டுக்கிளி போல இருக்கின்றன என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். தோக்கியோ தேசிய அரும்பொருட்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம். படத்தைக் கண்டதும் எனக்கு எங்கள் உம்மும்மாவின் பீங்கான் ஞாபகம் வந்தது.

நீலக்கரை போட்ட ஆழமான பீங்கான். நடுவே ஒரு வெடிப்பு. பின்பக்கத்தில் மூன்று பித்தளைக் கம்பி தைத்திருக்கும். பசை வருவதற்கு முந்திய காலத்தில் சின்னத் துளை போட்டுக் கம்பி அடித்துக் கொடுப்பவர்கள் தெருத்தெருவாக வருவார்கள் என்று உம்மும்மா சொல்வார். யாருக்காவது கடுமையான சுகவீனம் என்றால் லெப்பை வந்து குங்குமப்பூ மையால் அதில் ஆயத்து எழுதுவார், கழுவிக் குடிக்கக் கொடுப்பார்கள். அந்த வழக்கம் பற்றிய மார்க்கத் தீர்ப்பு என் வேலையல்ல, இவ்விதழிலேயே இரு பக்கத்தாரும் எழுதியாயிற்று. அந்த வழக்கத்தை விட்ட வீடுகள் பீங்கானையும் சேர்த்து விட்டுவிட்டன என்பதே என் கவலை. தென்சீனத்தில் முஸ்லிம்களுக்கென்று அரபு எழுத்து வரைந்த தட்டுகள் 17 ஆம் நூற்றாண்டிலேயே செய்யப்பட்டு ஆச்சே வரை போயிருக்கின்றன. அப்படி ஒன்றிரண்டு பேருவளை, காலி, கொழும்பு வீடுகளில் இன்னும் இருக்கக்கூடும். மாத்தளை நோரிட்டேக் செட்டுக்கு இடம் வேண்டுமென்று பழையதைப் பேப்பர்காரனிடம் போட்ட வீடுகளையும் எனக்குத் தெரியும். அந்தச் செட்டும் வருடத்துக்கு ஒரு நாள் கூட வெளியே வருவதில்லை என்பது வேறு கதை.

உம்மும்மாவின் பீங்கான் இப்போது என் தங்கச்சி வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. போன மாதம் கவிழ்த்துப் பார்த்தேன். அடிவளையத்தில் மெருகில்லை, மணல் ஒட்டியிருக்கிறது. முத்திரை எதுவும் இல்லை. வாய் அகலம் 24 சென்ரிமீற்றர். படமெடுத்து இதழாசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். வாசகர்களிடம் இப்படி எழுத்துள்ளதோ கம்பி தைத்ததோ இருந்தால், அடிப்பக்கத்தையும் சேர்த்துப் படமெடுத்து, யார் வீட்டிலிருந்து யாருக்கு வந்தது, யார் எழுதினார் என்பதை மறக்காமல் பெயரோடு எழுதி இவ்விதழுக்கு அனுப்புங்கள். கழுவுவதானால் புளி போடாதீர்கள், பித்தளைக் கம்பி கழன்றுவிடும்.